நெவார்க் போக ஆறரை மணி நேரம், திரும்பி வர முப்பத்திரண்டு மணி நேரமா?

கேள்வி: செங்காங்வாசி

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் மாத இறுதியில் என் தாயாரைச் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன். நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் என் தம்பி குடும்பத்துடன் இருக்கிறான். அதே மாநிலத்தின் நெவார்க் விமான நிலையத்துக்குத்தான் சீட்டு எடுத்திருக்கிறேன். நவம்பர் நடுப்பகுதி வரை அவனோடு தங்கிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். தாயாருக்கு 74 வயது. சென்னைக்கும் திருச்சிக்கும் நான்கு மணி நேரம் பறந்து பழகியவரே தவிர, அதற்கு மேல் அவர் விமானத்தில் உட்கார்ந்ததில்லை.

பயணச்சீட்டு விவரத்தை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்த அம்மா, "திங்கள் இரவு 11.55க்குப் புறப்பட்டுச் செவ்வாய் காலை 6.30க்குப் போய்விடுகிறோம். வரும்போது புதன் இரவு 10 மணிக்கு ஏறினால் வெள்ளிக்கிழமை காலை 5.50க்குத்தான் இறங்குகிறோம். போகிற தூரம்தானே வருகிற தூரமும்?" என்று கேட்டார். இரண்டு ஊர்களின் கடிகாரங்களும் வேறு வேறு என்று சொல்லி அம்மாவைச் சமாளித்துவிட்டேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனைத்தான் சமாளிக்க முடியவில்லை. போகும் 6 மணி 35 நிமிடத்தையும் வரும் 31 மணி 50 நிமிடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நேர வேறுபாடு அடிபட்டுப்போய், ஒரு வழிப் பயணத்துக்கு 19 மணி 12 நிமிடத்துக்குச் சற்று மேல் வரவேண்டும் என்கிறான். சீட்டிலோ போக 18 மணி 35 நிமிடம், வர 18 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. மொத்தத்தில் ஒரு மணி நேரம் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது.

தூரத்திலும் இதே குழப்பம். ஓர் இணையத்தளம் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்கிறது. இன்னொன்று 9,500 மைலுக்கு மேல் என்கிறது. மூன்றாவது 8,300 மைல் என்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் இந்தச் சேவையை அறிவித்தபோது ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தது. இவற்றில் எதை நம்புவது? போக வர நேரம் ஏன் ஒன்றாக இல்லை? நெவார்க்குக்குப் பதிலாக நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கோ, பிராங்பர்ட் வழியாகவோ போனால் முதியவருக்குச் சௌகரியமாக இருக்குமா? சீட்டை மாற்ற இன்னும் ஒரு வார அவகாசம் இருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: நிலநூல் ஆசிரியை

செங்காங்வாசி அவர்களுக்கு வணக்கம். முதலில் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் போட்ட கணக்கில் பிழையே இல்லை. பாடநூலில் வராத ஒரு செய்தி மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள், நவம்பரின் முதல் ஞாயிறன்று மீண்டும் பின்னுக்கு இழுத்துவிடுகிறார்கள். நீங்கள் போகும்போது சிங்கப்பூர் நியூஜெர்சியைவிட 12 மணி நேரம் முன்னால் இருக்கும், திரும்பும்போது 13 மணி நேரம் முன்னால் இருக்கும். ஆகவே போகும் 6 மணி 35 நிமிடத்தோடு 12ஐக் கூட்ட வேண்டும், 18 மணி 35 நிமிடம் வருகிறது. வரும் 31 மணி 50 நிமிடத்திலிருந்து 13ஐக் கழிக்க வேண்டும், 18 மணி 50 நிமிடம் வருகிறது. கூட்டிய 12ம் கழித்த 13ம் ஒன்றையொன்று முழுவதுமாக அடித்துக்கொள்ளாததால்தான் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது. தம்பி வீட்டில் ஒரு சனிக்கிழமை இரவு எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது நடந்து முடிந்துவிடும்.

நாம் கடிகாரத்தைத் தொடாமலே வாழ்ந்து பழகிவிட்டோம். 1982ஆம் ஆண்டு சனவரி 1ஆம் தேதி அரை மணி நேரத்தை முன்னே தள்ளியதோடு சரி. மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம், அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இருந்த வேறுபாடு இரண்டு மணி நேரம்தான், இரண்டரை ஆனது அதற்குப் பிறகுதான். சிங்கப்பூரில் உச்சிவெயில் ஒரு மணியளவில் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது.

இனி தூரத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன நான்கு எண்களும் சரியானவையே, ஆனால் அவை நான்கும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. மகனிடம் உலக உருண்டை ஒன்று இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து, தளர்வில்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் தட்டையான படத்தைப் பார்த்துப் பழகிய கண், நூல் பசிபிக் பெருங்கடலைக் குறுக்காகக் கடக்கும் என்று எதிர்பார்க்கும். நூல் அப்படிப் போகாது. நேராக வடக்கே ஏறும். தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியாவின் பைக்கால் ஏரிப் பக்கம், ஆர்க்டிக் பெருங்கடல் என்று ஏறி, வடதுருவத்தின் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அருகில் கடந்து, கனடாவின் மேல் இறங்கி நியூயார்க்கைச் சேரும். சிங்கப்பூர் கிழக்கே 104ஆம் பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74ஆம் பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 178. பூமியின் முதுகில் கிட்டத்தட்ட எதிரெதிரே இருக்கும் இரண்டு கோடுகள் என்பதால், குறுக்குவழி உச்சந்தலை வழியாகப் போகிறது.

இந்த அமைப்பு நமக்கு ஒரு வசதியையும் தருகிறது, பயன்பாட்டுச் செயலி எதுவும் இல்லாமலே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் ஏறத்தாழ 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,346 வருகிறது. முதல் தளம் சொன்ன எண் இதுதான், இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். இதையே நிலத்து மைலில் சொன்னால் 9,500 சொச்சம். கடல் மைலில் சொன்னால் 8,300க்குச் சற்றே குறைவு, ஏனென்றால் நிலத்து மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானத் துறை கடல் மைலையே பயன்படுத்துகிறது, ஆனால் பல தளங்கள் எந்த மைல் என்று சொல்லாமல் வெறுமனே மைல் என்று போட்டுவிடுகின்றன. 16,700 என்ற எண் விமானம் உண்மையில் பறக்கும் வழியின் நீளம். அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கைக்காகச் சொல்கிறேன். பள்ளிகளில் தொங்கும் தட்டைப் படத்தில் அடிக்கோல் வைத்து இந்த இரண்டு ஊர்களையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் ஆகும். படத்தில் வளைந்து தெரியும் வழி, நேராகத் தெரியும் வழியைவிட 3,000 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. சிங்கப்பூரிலிருந்து சென்னை வரை உள்ள தூரம் அளவுக்கு மிச்சம்.


மறுமொழி 2: பழைய ஹேங்கர்க்காரன்

ஆசிரியை அவர்கள் நூலைப் பிடித்துக் காட்டிவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், விமானம் அந்த நூலின் மேல் ஏன் பறப்பதில்லை என்பதை நான் சொல்கிறேன்.

முதல் காரணம் காற்று. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகிய ஆறு போலக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஜெட் ஸ்ட்ரீம் என்போம். வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும், பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு கூடுவதால் வேகமும் கூடும். ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும் நாட்கள் உண்டு. வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எண்ணித் தம் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார், அதனாலேயே அதை வெளியுலகில் எவரும் கவனிக்கவில்லை என்று சொல்வார்கள்.

இப்போது சின்னக் கணக்கு ஒன்று. உங்கள் விமானம் காற்றுக்குள் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 15,350 கிலோமீட்டர் குறுக்குவழியில் சராசரியாக 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரையை வைத்துப் பார்க்கும் வேகம் 850 ஆகிவிடும், பயணம் 18 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 16,600 கிலோமீட்டர் சுற்றுவழியில் அதே 50 கிலோமீட்டர் பின்காற்றாக இருந்தால் வேகம் 950, பயணம் பதினேழரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1,250 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருகிறோம், எரிபொருளும் மிச்சம். எனவே தூரத்தைப் பார்த்து நேரத்தை ஊகிப்பது இந்தத் தடத்தில் எடுபடாது. வழியை ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உங்கள் சீட்டில் உள்ள 18 மணி 35 நிமிடமும் 18 மணி 50 நிமிடமும் அந்தப் பருவத்துக்கு உரிய மதிப்பீடுகளே.

இரண்டாவது காரணம் வான்வெளி. ஆசிரியையின் நூல் சைபீரியாவின் மேல் போகிறது. 2022 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்துவருகிறது. போகும்போது பெரும்பாலும் ஜப்பானை ஒட்டி, வட பசிபிக்கைக் கடந்து, கனடாவின் மேல் இறங்குவார்கள். திரும்பும்போது அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வருவதே வழக்கம். இரண்டு திசையிலும் கிழக்கு நோக்கித்தான் பயணம் என்பதைக் கவனியுங்கள், இரண்டு திசையிலும் பின்காற்று கிடைக்கிறது. இலண்டனுக்கோ சென்னைக்கோ போகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இரண்டு ஊர்களும் உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால்தான் இது முடிகிறது. அவ்வகையில் பார்த்தால் உங்கள் தாயார் நியூஜெர்சிக்குப் போய்த் திரும்பும்போது பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வீடு வந்து சேருவார்.

சீட்டில் இருக்கும் நேரத்தைப் பற்றி இன்னொன்று. அது வானில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நிற்கும்போது சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டைகள் வைப்போம். புறப்படும்போது அந்தக் கட்டையை இழுத்து எடுத்துவிட்டு, கையை உயர்த்தி விமானிக்குக் காட்டுவோம். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, மறுகோடியில் நின்று இன்னொருவர் கட்டை வைக்கும் வரை உள்ள நேரமே அட்டவணையில் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் வாயிலைத் தேடிப் போவதும் அதற்குள் அடக்கம். நெவார்க்கில் இருபது நிமிடம் ஊர்ந்தாலும் வியப்பதற்கில்லை.

இந்தத் தடத்தின் கதையும் சுவையானது. 2004ஆம் ஆண்டு நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் நெவார்க்குக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும் இயந்திரங்கள் அவை. 2008இல் இருக்கைகளை நூறாகக் குறைத்து முழுவதும் பிசினஸ் வகுப்பாக மாற்றிப் பார்த்தார்கள், அப்படியும் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900 விமானத்தின் அதிநெடுந்தூர வகை வந்த பிறகு, 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் இடைநில்லாச் சேவை வந்தது. இந்த வகையில் எரிபொருள் கொள்ளளவு ஏறத்தாழ 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 லிட்டராக உயர்த்தப்பட்டது. அதன் எட்டும் தூரம் 9,700 என்று எழுதியிருப்பார்கள். அது கடல் மைல் என்று தெரியாதவர்கள், 9,500 மைல் பயணத்துக்கு 9,700 மைல் தாங்கும் விமானமா, நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்தால் என்ன செய்வது என்று பயப்படுவதைக் கேட்டிருக்கிறேன். 9,700 கடல் மைல் என்பது ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.


மறுமொழி 3: யீஷூன் பயணி

நான் மாமியாரோடு இருமுறை போய் வந்தவள், ஆகவே நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

கென்னடிக்கும் நெவார்க்குக்கும் சிங்கப்பூரிலிருந்து உள்ள தூரத்தில் சில கிலோமீட்டர்தான் வேறுபாடு. தரையில் இறங்கிய பின்னர்தான் உண்மையான வேறுபாடு தெரியும். கென்னடியிலிருந்து எடிசன் போக நியூயார்க் நகரத்தையே சுற்றிக்கொண்டோ ஊடுருவியோ போக வேண்டும், காலை நெரிசலில் இரண்டு மணி நேரம் பிடித்தாலும் கேட்பாரில்லை. நெவார்க் விமான நிலையமும் எடிசனும் ஒரே ரயில் தடத்திலேயே இருக்கின்றன, காரில் வந்து அழைத்துப் போனாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். உங்கள் தம்பி அங்கே இருக்கும்போது சீட்டை மாற்றவே மாற்றாதீர்கள்.

பிராங்பர்ட் வழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் முதல் முறை அப்படித்தான் போனோம். சிங்கப்பூரிலிருந்து பிராங்பர்ட் ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் ஏறத்தாழ 6,200, ஆக 16,500. மேலே அண்ணன் சொன்ன இடைநில்லா விமானத்தின் சுற்றுவழியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆனால் வீட்டிலிருந்து வீடு என்று பார்த்தால் ஐந்து மணி நேரம் கூடுதலாகிவிட்டது, ஏனென்றால் ஒரு முறை கூடுதலாக இறங்கி, கைப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, மறுபடியும் ஏற வேண்டும். எங்களுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்த முகவர் இரண்டு பறக்கும் நேரங்களை மட்டும் கூட்டிச் சொல்லிவிட்டார், நடுவில் உள்ள காத்திருப்பைச் சொல்லவே இல்லை. அதை நம்பி மைத்துனர் விமான நிலையத்தில் காலையிலிருந்து காத்துக்கிடந்தார். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

பிராங்பர்ட் வழிக்கு ஒரு நியாயமும் உண்டு. நெவார்க் போகும் அதிநெடுந்தூர விமானத்தில் 67 பிசினஸ் இருக்கைகளும் 94 பிரீமியம் எகானமி இருக்கைகளும் மட்டுமே. சாதாரண எகானமி கிடையாது, அதற்கேற்ப விலையும் இருக்கும். என் மாமியாருக்கு மூட்டுவலி என்பதால் நடுவில் இரண்டு மணி நேரம் கால் நீட்டி நடந்தது உண்மையில் நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார். ஆனாலும் சக்கர நாற்காலிக்கு முன்பதிவு செய்யாமல் போனதால் பிராங்பர்ட்டில் அந்த நீண்ட நடைபாதையை இருமுறை அளந்தோம். எந்த வழியில் போனாலும் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நெவார்க் குடிநுழைவு வரிசையில் அதன் அருமை தெரியும்.


செங்காங்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நூலைப் பிடித்துப் பார்த்தோம். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் நூல் 36 சென்டிமீட்டர் வந்தது. ஆசிரியை அவர்கள் சொன்ன 138 பாகைக்கும் அதே 36தான் வருகிறது என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். சீட்டை மாற்றப் போவதில்லை. சக்கர நாற்காலிக்கும் பதிவு செய்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம் மட்டும். தாயார் இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் காலையில் விழுங்குகிறார். ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியில் ஞாயிறு முதல் சனி வரை நானே நிரப்பி வைக்கிறேன். திங்கள் இரவு ஏறிச் செவ்வாய் காலை இறங்குவதால், நடுவில் ஒரு நாளும் விடுபடாது என்று எடுத்துக்கொள்ளலாமா?


நிலநூல் ஆசிரியை

விடுபடாது, மாறாக ஒரு காலை கூடுதலாக வரும். எப்படி என்று பாருங்கள். பசிபிக் வழியே சென்றால், நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்படும் உங்களுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து, ஜப்பானை ஒட்டிய வானில் செவ்வாய்க்கிழமைச் சூரியன் உதிக்கும். சூரியனுக்கு எதிரே பறப்பதால் பகல் வேகமாகக் கழியும். நண்பகல் வாக்கில் அனைத்துலக நாள்கோட்டைக் கடப்பீர்கள், கடந்ததும் மறுபடி திங்கட்கிழமை. அலாஸ்கா பக்கம் போகும்போது அந்தத் திங்கள் மாலையின் சூரியன் மறைந்துவிடும். ஐந்தாறு மணி நேரத்தில் ஒரு முழுப் பகல் முடிந்துபோகும். பிறகு கனடாவின் மேல் இரவு, நெவார்க்கில் இறங்கிய பின், பெரும்பாலும் குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது, இன்னொரு செவ்வாய்க்கிழமை விடியும்.

திரும்பும்போது இதை ஈடுகட்டும் எதுவும் நடக்காது. அட்லாண்டிக் வழியே கிழக்காகவே வருவதால் வியாழன் விடிந்து, வியாழன் மறைந்து, வெள்ளி விடிவதற்குள் சாங்கியில் இருப்பீர்கள். எனவே செங்காங்கிலேயே இருக்கும் ஒருவரைவிட உங்கள் தாயார் ஒரு சூரியோதயம் அதிகமாகப் பார்த்திருப்பார். மகெல்லனின் பயணக் குழுவில் எஞ்சியவர்கள் 1522இல் மேற்காகவே உலகைச் சுற்றி வந்து கேப் வெர்டி தீவில் இறங்கியபோது, கப்பல் நாட்குறிப்பில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. அவர்கள் ஒரு நாளைத் தொலைத்தார்கள், உங்கள் தாயார் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்.

மாத்திரை பகலைப் பார்த்து வேலை செய்வதில்லை, மணிநேரத்தைப் பார்த்துத்தான் செய்கிறது. விமானத்தில் ஒரு கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவையுங்கள். அங்கே போனபின் எந்த வேளைக்கு எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படும் முன் உங்கள் பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். பெட்டியில் கிழமையைப் பார்த்து எடுத்தால் செவ்வாய் அறை இரண்டு முறை திறக்கப்படும் ஆபத்து இருக்கிறது.


செங்காங்வாசி

மருந்தாளரிடம் கேட்டுவிட்டேன், எழுதியும் கொடுத்துவிட்டார். பெட்டியில் கிழமைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி 1, 2, 3 என்று எண்கள் போட்டாயிற்று.

ஆனால் இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கப் போய் வேறு வம்பு வந்துவிட்டது. அம்மா செவ்வாயும் வெள்ளியும் அசைவம் தொடமாட்டார். "அப்படியென்றால் அன்றைக்கு இரண்டு செவ்வாய்க்கிழமையா? நடுவில் ஒரு திங்கட்கிழமை வேறு வந்து போகிறதா?" என்று கேட்டுவிட்டு, உருண்டையைச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் திங்கட்கிழமையில் கோழி பரிமாறினால் சாப்பிடலாம் என்று மகன் சொன்னான். காலையில் செவ்வாய் என்று விளக்கை நினைத்துக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் கோழி தின்றால் முருகன் ஒத்துக்கொள்வானா என்று அவனை அடக்கிவிட்டு, போக வர இரண்டு பயணத்துக்கும் சைவ உணவே பதிவு செய்யச் சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிவு செய்ய வேண்டுமாம். இன்றே செய்துவிட்டேன்.